நாவற்கண்டல் மதகு தொடர்பாக

"மதகு உடைந்து மூன்று மாரி ஆகிறது.
எந்தச் சபை கட்டித்தரும்?"
தேவமலரின் கடிதம், இரண்டே வரி.
பதில் எழுத எனக்குப் பதினொரு நாள்.

முதற்கோப்பில் விதானையின் கையெழுத்து:
வடக்கு எல்லை, இடி விழுந்த பாலை மரம்.
கிழக்கு எல்லை,
குளக்கட்டில் நின்று கூப்பிட்டால்
கேட்கிற தூரம்.
யார் கூப்பிட்டால் என்று எழுதவில்லை.

பிறகு கிராமசபை. ஆறு உறுப்பினர், ஒரு வாங்கு,
கையிருப்பு நூற்றுப் பன்னிரண்டு ரூபா எழுபது சதம்.
கூட்டக் குறிப்பில் பாதி
கட்டாக்காலி மாடுகளைப் பற்றியது.
மீதி, அந்த மாடுகளின் சொந்தக்காரர்
தலைவராயிருப்பதைப் பற்றியது.

ஒரு வர்த்தமானியோடு சபை கலைந்தது.
அலுமாரி மட்டும் மாட்டு வண்டியில்
பெரிய கந்தோருக்கு வந்து சேர்ந்தது.
திறப்பு வரவில்லை.

அதன்பிறகு எழுத்தில் எதுவும் இல்லை,
கேட்டு அறிந்ததுதான்:
சம்பளம் ஒரு பக்கமிருந்து வந்தது,
கட்டளை மறுபக்கமிருந்து.
கந்தோர் ஐந்து தடவை உழவு இயந்திரத்தில் ஏறியது.
கடைசித் தடவை
இலிகிதர் அமிர்தநாதர் சபை முத்திரையைச்
சாரத்தில் முடிந்துகொண்டு கடற்பக்கம் போனார்.
முத்திரை திரும்பி வந்தது,
வேறொருவர் கையில்.

இப்போது வட்டாரம் பிரித்த வரைபடத்தில்
ஒரு சிவப்புக் கோடு.
தேவமலரின் குசினி எங்களுக்கு,
கிணறு அடுத்த சபைக்கு.
மதகின் மேலேதான் கோடு போகிறது.
பேனையின் தடிப்பு
நிலத்தில் நாற்பது அடி.

நேரில் போனேன்.
மதகு இருந்த இடத்தில் இரண்டு பனங்குற்றி.
கோழிக்கூட்டின் ஓட்டையை அடைத்து
ஆணியடித்த தகரத்துண்டு:
நா. கி. ச., சைக்கிள் வரி, 1968, இலக்கம் 41.

"மாமாட சைக்கிள். சைக்கிள் இப்ப இல்லை."

இது எங்களுக்கு வரி கட்டிய வளவு,
கோப்பில் வைக்க ஆதாரம் வேண்டும்,
கழற்றித் தாருங்கள் என்றேன்.

"கழட்டினா கீரி வந்திடும் தங்கச்சி.
நம்பரை எழுதிக்கொண்டு போங்கோ."

கையில் எழுதிக்கொண்டேன்,
தாள் கொண்டுபோகவில்லை.
திரும்பிக் கடக்கையில்
ஒரு குற்றி எங்கள் பக்கமாய் ஆடியது.
மற்றது அசையவில்லை.