நூறிலிருந்து ஏழு

வலது உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் புள்ளி,
இடது குதிகாலில் இன்னொன்று.
நுழைந்த இடம், போன இடம்.
இடையில் எந்த வழியாகப் போனது என்று
அது யாரிடமும் சொல்லவில்லை.

பினாங்கு பெரிய மருத்துவமனையில்
டாக்டர் சுராயா திரையைத் திருப்பிக் காட்டினார்.
மூளையில் ஒன்றுமில்லை.
விமலேஸ்வரி கைகூப்பினாள்.
வெளித்தோல் புதிதாக மினுங்க
உள்ளே அறுந்து கிடக்கும் வயரை
நான் எத்தனை பார்த்திருக்கிறேன்.

பதினாறு மாடிக் கட்டடம் ஒன்றைத்
தலைக்குள் வைத்திருந்தவன்.
எந்த மாடி, எந்த பேஸ், எந்த பிரேக்கர்,
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும்.
இப்போது பிறையில் அதே காப்பிக்கடை,
கல்லாவிலிருந்து மேசைக்கு ஒன்பது எட்டு:
தே ஓ, கோப்பி கொசோங், மைலோ ஐஸ்.
நாலாவது எட்டில் மைலோ தொலைந்துபோகிறது.
ஆ லியோங் சிரிக்கவில்லை.
அன்றைக்கு மெயினைப் போட்டது அவன்தான்.
அது எனக்கு மறக்கவில்லை,
அவனுக்கும்.

உப்பு வேண்டுமென்றால்
சாவி கொடு என்கிறேன்.
இவள் முதலில் திருத்தினாள்,
இப்போது பேசாமல் உப்பைத் தருகிறாள்.
அதற்கும் கோபம் வருகிறது.
கோபம் மட்டும்
ஒரு சொல் குறையாமல் வருகிறது.
யுகேந்திரன் ஹெட்போனுக்குள் போய்விடுகிறான்.

சொக்சோவில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்.
நூறிலிருந்து ஏழைக் கழியுங்கள்.
தொண்ணூற்று மூன்று.
இன்னும் ஏழு.
எண்பத்து…
மூலையில் விசிறி முனகிக்கொண்டு
சோம்பலாகச் சுற்றியது.
கப்பாசிட்டர் போய்விட்டது, மாற்றச் சொல்லுங்கள் என்றேன்.
அதை எழுதிக்கொள்ள
அவர்கள் தாளில் கட்டமில்லை.

நேற்று
முக்குக் கடைக்குப் புறப்பட்டவன்
ஃபெரியில் நின்றிருந்தேன்.
தீவுக்குப் போகத்தான் காசு,
பட்டர்வொர்த்துக்குத் திரும்ப யாரும் கேட்பதில்லை.
இரண்டாம் முறையும் காசு கொடுத்துப் போனேன்.
தண்ணீர் எண்ணெய்ப் பளபளப்பாக இருந்தது.
எதிரே ஒரு மலாய்க் குழந்தை
என் வாயைப் பார்த்தது. நான்
எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.
சில்லறைக்குக் கைவிட்டபோது
சட்டைப்பையில் மடித்த தாள்,
விமலேஸ்வரியின் சாய்ந்த எழுத்து:

சாவி, ஒரு கிலோ.