நாலாவது கோடு

முதலில் நெட் வயரைக் கடித்தது.
கேபிள்காரர் வேலாயுதம் ஒட்டுப் போட்டு
இருநூறு வாங்கிக்கொண்டு
"அணில்தாங்க" என்றார்,
மழைதாங்க என்பதுபோல.

அப்புறம் வாஷிங்மெஷின் குழாய்.
அப்புறம் மாடியில் காய்ந்த கூழ்வடாம்,
ஒன்றையும் முழுசாகத் தின்னாமல்
ஓரம் ஓரமாக.
பண்ருட்டிப் பலாவில் ஒரு துளை போட்டு
மிச்சத்தை எறும்புக்கு எழுதிவைத்துவிட்டுப் போனது.

மிளகாய்த்தூள் தூவினேன்.
கடல்காற்று அதை என் கண்ணுக்கே திருப்பிக் கொடுத்தது.
அந்துருண்டை கட்டினேன்.
ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரி
மூக்கைச் சுளித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.
கல்யாண சிடி மூன்றையும் கொடியில் தொங்கவிட்டேன்.
வெயிலில் சுழன்று மின்னியது எங்கள் வரவேற்பு.
அதன் அடியில் உட்கார்ந்து வாலைக் கோதிக்கொண்டிருந்தது.
தேரடியில் வாங்கிய ரப்பர் பாம்புக்குப்
பயந்தவர் பால்காரர் மட்டும்தான்.

கடைக்காரர் பசை அட்டையை எடுத்து நீட்டினார்.
விரலால் தொட்டுப் பார்த்தேன்.
விரலை எடுக்கச் சிரமமாக இருந்தது.
கூண்டு இருக்கா என்றேன்.
வாடகைக்கு. நாளுக்கு இருபது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால்,
கடலைமிட்டாய்க்கு விழுந்தது.

திரும்பி வந்தால் அடையாளம் தெரியணுமே,
கம்பி இடுக்கில் நகப்பாலிஷ் தூரிகையை விட்டு
முதுகில் ஓர் இழுப்பு.
முதல் மூன்று கோட்டின் கதை ஊருக்கே தெரியும்.
நாலாவது,
குங்குமச் சிவப்பில்,
நான் போட்டது.

திருப்பாப்புலியூரிலிருந்து ஸ்கூட்டி.
காலுக்கு நடுவில் கூண்டு, மேலே துண்டு.
கெடிலம் பாலத்தில் மணல் லாரிக்குப் பின்னால் நிற்கையில்
கூண்டுக்கம்பி அதிர்ந்துகொண்டிருந்தது.
வண்டிதான் என்று நினைத்தேன்.
எஞ்சினை அணைத்த பிறகும்
அதிர்ந்தது.

தேவனாம்பட்டினம், சவுக்குத் தோப்பு.
கதவைத் தூக்கினேன். உடனே ஓடவில்லை.
நாங்கள் வந்த வழியை ஒருமுறை பார்த்தது.

அன்று ராத்திரி
ஏசி வெளிப்பெட்டிக்குள் எண்ணெய் காணாத கீல்போல
ஒரு சின்னச் சத்தம்.

காலையில் சகாயராஜ் மூடியைக் கழற்றினார்.
தேங்காய்நார், சோபாப் பஞ்சு, என் தலைமுடி,
வேலாயுதம் சுற்றிவிட்டுப் போன கறுப்பு டேப்பில் ஒரு துண்டு.
நடுவில் மூன்று.
கண் திறக்காமல், மயிர் இல்லாமல்,
சுண்டுவிரல் நுனிபோலச் சிவந்து.
"இப்ப என்ன பண்றதுங்க?" என்றார்
ஸ்க்ரூவை வாயில் வைத்துக்கொண்டு.

அதே கூண்டு. அதே பாலம். அதே கடலைமிட்டாய்.
சவுக்கு சவுக்காக அண்ணாந்து பார்த்து
கழுத்து பிடித்துக்கொண்டது.
மீன்கூடையோடு போன அம்மாவிடம் கேட்டேன்,
"முதுகுல சிவப்புக் கோடு போட்ட அணில் பாத்தீங்களா?
நாலு கோடு."
"நாலா?
மூணு இருக்கான்னே நான் எண்ணிப் பாத்ததில்லையே" என்றாள்.

இரண்டு சாயங்காலம் போனேன்.
அங்கே எத்தனையோ அணில்.
எல்லாமே என்னைப் பார்த்து ஓடின.

லீவ் லெட்டரில்
உறவினர் ஒருவருக்கு உடல்நலமில்லை என்று எழுதினேன்.
ஆட்டுப்பால், பாதிக்குப் பாதி தண்ணீர், இங்க் ஃபில்லர்,
இரண்டு மணிக்கொரு அலாரம்.
வெள்ளிக்கிழமை ஒன்று
ஃபில்லரைத் தேடவில்லை.
முருங்கைக்கு அடியில் கரண்டியால் தோண்டினேன்.

நெய்வேலியிலிருந்து, ஷிப்ட் இடைவேளையில் போன்:
"கூண்டத் திருப்பிக் குடுத்தியா?"
இல்லை.
நூற்றிஅறுபது ஆகிவிட்டது.

இன்று அதிகாலை
செருப்புப் பெட்டிக்குள் டார்ச் அடித்தேன்.
இரண்டின் முதுகிலும்
தோலுக்கு அடியிலிருந்து ஏதோ வெளுத்து மேலே வருகிறது,
யார் விரலும் படாமல்.
மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன்.

மூன்று.
திரும்ப எண்ணினேன்.
மூன்றுதான்.