மூன்று விரல் குறைவு

முதல் கேடயத்துக்கு நான் விளிம்பே வைக்கவில்லை.
அலமாரி செய்ததில் மிஞ்சிய ப்ளைவுட்,
இரண்டடி வட்டம்.
பழைய வாணலி ஒன்றைக் காதறுத்து நடுவில் கவிழ்த்து
சிவப்பு எனாமல் அடித்து
ஞாயிற்றுக்கிழமை வெண்ணாற்று மணலுக்கு எடுத்துப் போனேன்.
அவ்வளவு அழகாக இருந்தது.

தையல்நாயகியின் பிரம்பு வாள்
நாலாவது வீச்சில் ஓரத்தைக் கடித்தது.
ஒரு சிராய் தெறித்தது.
கொசு என்று நினைத்தேன்.
தலைக்கவசத்தின் கம்பி இடுக்கில் அது நுழைந்ததை
அவள் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன்.
நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி, நாற்பத்திரண்டு பெட்டி,
அத்தனையும் எண்ணினேன், அவள் தலை என் மடியில்.
புருவத்தில் மூன்று தையல்.
"எம் பேரையே எழுதி அனுப்பிட்டாங்கடி"
கட்டோடு சிரித்தாள்.
அடுத்த ஞாயிறு வரவில்லை.
அதற்கடுத்ததும்.

கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் ரசீது எழுதுகிற கை
ராத்திரியில் விளிம்பு செய்து பார்த்தது.

தேங்காய் நார்க்கயிறு சுற்றினேன்.
பத்து அடிக்குள் பிரிந்து
கேடயத்துக்குத் தாடி முளைத்துவிட்டது.

மிருதங்கக்காரர்களுக்குத் தோல் விற்கிறவரிடம்
எருமைத்தோல் பட்டை வாங்கி
ஊறவைத்து, இழுத்து, ஆணி அடித்தேன்.
காய்ந்தால் கல்லு மாதிரி நிக்கும் என்றார்.
மாடிக்கு ஏற்றாமல் வாசலில் சாத்தியது என் பிழை.
விடியற்காலை நான்கு நாய்கள்
சோழர் காலத்தைத் தின்றுகொண்டிருந்தன.

அலுமினியப் பட்டை, ஜன்னல் கடை ஜகபர் வளைத்துத் தந்தது,
வெயிலில் கண் கூசும்.
பக்கிரிசாமியின் வாளில் சுற்றிய நுரை
ஒரே ஆட்டத்தில் கந்தல்.
"இது கேடயமா, தேங்காத் துருவியா?"
பதில் சொல்ல முடியவில்லை.

பிவிசி குழாயை நீளவாட்டில் கீறி
வெந்நீரில் இளக்கி மாட்டினேன்.
யாரும் தொடாமலே வெடித்தது, மத்தியானம்.

சைக்கிள் டயர் எதையும் தாங்கும்.
கனத்தை என் மணிக்கட்டு தாங்கவில்லை.
திங்கட்கிழமை என் கையெழுத்தை
மேனேஜர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

ஐந்தாவது வாரம், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது,
இதுவரை என் பலகை பிளக்காமல் இருக்கத்தான்
தேடிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தது.
சோறு ஆறிப்போனது.

மறுநாள் மோட்டார் கடையில்
ஒவ்வொரு குழாயாக எடுத்து
என் புருவத்தில் தட்டிப் பார்த்தேன்.
பச்சை: விறைப்பு. நீலம்: வழுக்கல்.
மருந்தடிக்கிற மிஷினுக்கு வரும் கறுப்புக் குழாய்,
உள்ளே நூல் பின்னியது,
பூனை கால் வைத்த மாதிரி விழுந்தது.
இன்னொரு தரம் தட்டினேன், பலமாக.
கடைக்காரர் கல்லாவிலிருந்து எழுந்துவிட்டார்.
"எவ்வளவுங்க வேணும்?"
ஆறடி.

பிளேடால் கீறி மாட்டிக்கொண்டிருந்தபோது
தையல்நாயகி வந்தாள், கூப்பிடாமல்.
கோணி ஊசி, தூண்டில் நரம்பு, அவளே கொண்டுவந்தது.
பலகையில் துளை நான் போட்டேன்.
முடிச்சு அவள் போட்டாள்,
தன் புருவத்தில் பார்த்துக் கற்ற முடிச்சு என்றாள்.
பொய்யாக இருக்கலாம்.
கண்ணாடியில் முடிச்சா தெரியும்?

சுற்றி வந்து சேரும்போது
குழாய் மூன்று விரல் போதவில்லை.
நூல் பிடித்து அளந்த நான்
ரப்பரின் தடிமனை மறந்திருந்தேன்.
கடை சாத்தியாகிவிட்டது.
மேட்டூர் திறந்து நாலு நாள்.
தண்ணீர் எந்த நேரமும் மணலுக்கு வரலாம்.

"பரவால்ல, இருக்கட்டும்."

காலையில் எதிரெதிரே நிற்கிறோம்.
அந்த மூன்று விரலை நான் கீழே திருப்பிப் பிடித்திருக்கிறேன்.
கம்பிக்குப் பின்னால் அவள் கண்
கீழேயேதான் பார்க்கிறது.