ஏழாம் பத்தி

அரிசி ஆலையில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவள் நான்.
தன்லியினுக்கு வந்த பிறகு சளி எண்ணுகிறேன்.
மூடி போட்ட சின்னக் குப்பிகள், மேலே மையில் எண்.
காலையில் மூன்று மணி நேரம்தான் மின்சாரம்;
அதற்குள் டேப்லெட்டுக்குத் தீனி போட்டுவிட வேண்டும்.
யாரோ தானமாகத் தந்தது. மூலையில் விரிசல்.
விரிசல்மேல் செல்லோடேப் ஒட்டியது நர்ஸ் நோ ஏ பா.

படிவத்தில் ஒன்பது பத்திகள்.
பெயர், தகப்பன் பெயர், வயது என்று போகும்.
ஏழாவது: இனமும் மதமும்.
அதைப் பிறகு சொல்கிறேன்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் கிளினிக்,
அந்தப் பக்கம் இன்னொன்று.
இரண்டின் பதிவும் சேர்ந்து
ஜூன் மாதம் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
மாத்திரையை நடுவில் விட்டவர்கள் அறுபத்து மூன்று.
ஆறு மாதம் விழுங்க வேண்டியதை இரண்டில் நிறுத்தினால்
கிருமி பாடம் படித்துக்கொள்ளும் என்பார் டாக்டர்.
அறுபத்து மூன்றைத் திரை சிவப்பில் காட்டியது.
பணம் தருகிறவர்களுக்கும் அதே சிவப்பு போயிற்று.

சைக்கிளை எடுத்தேன்.
செங்கல் சூளை, படகுத்துறை,
வாத்துப் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகள்.
பெடல் வரைக்கும் சேறு.
"கோ தான் ஸோ இருக்கிறாரா?"
அப்படி யாரும் இங்கே இல்லை என்றாள் ஒருத்தி
வெற்றிலை மென்றபடி.
உள்ளே இருமல் கேட்டது.
அது யார்?
"அதுவா, எங்க வீட்டுக்காரர். செங்கோடன்."

எங்களிடம் வந்த அன்று
தலைக்குச் சாயம் அடித்திருந்தார், கோ என்று எழுதினோம்.
சூளையில் வேலை கிடைத்துப் பாலம் தாண்டிப் போனார்;
அங்கே ஒருத்தி நரையைப் பார்த்து
ஊ போட்டு, சொந்தப் பெயரையும் கேட்டு எழுதினாள்.
ஊ செங்கோடன் ஒருநாளும் தவறாமல் விழுங்கினார்.
கோ தான் ஸோவைத்தான்
நாங்கள் மார்ச்சிலேயே தொலைத்திருந்தோம்.

அறுபத்து மூன்றில் பதினேழு பேர் இப்படி.
மீதி நாற்பத்தாறு பேர் நிஜமாகவே தொலைந்தவர்கள்.
ஐந்து வீட்டில் பூட்டு.
இரண்டு இடத்தில் வீடே இல்லை.

புதிதாக ஒரு பத்தி கேட்டேன்:
வீட்டில் உங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?
யாங்கோனில் மென்பொருள் எழுதும் பையன்
"இதெல்லாம் தரவா அக்கா?" என்றான்.
மூட்டைமேல் ஆலை முத்திரை ஒன்று,
வாங்குகிறவன் முத்திரை ஒன்று, தம்பி.
மூட்டை ஒன்றுதான்.
இரண்டு நாளில் சேர்த்துக் கொடுத்தான்.

கேட்டதும் முதலில் சிரிப்பார்கள்.
குண்டன். கறுத்தம்மா. சூளைக்கார மாமன்.
ஒருத்தி மட்டும் நெடுநேரம் யோசித்து
"கூப்பிட ஆள் இல்லையே" என்றாள்.
அதையும் அப்படியே எழுதினேன்.

சைக்கா ஓட்டும் ரஹ்மத் பதில் சொல்லவில்லை.
திருப்பிக் கேட்டார்:
"இதை வேறு யார் யார் பார்ப்பார்கள்?"
பூட்டு இருக்கிறது என்றேன்.
"சாவி எத்தனை பேரிடம்?"
செல்லோடேப்பின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன்.
எனக்குத் தெரியாது.

அன்று இரவு
ஏழாம் பத்தியைத் திறந்து
ஒவ்வொன்றாக அழித்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து முறை.
கட்டைவிரல் மறுநாளும் வலித்தது.
நோ ஏ பா பார்த்தாள்; தேநீர் வைத்துவிட்டுப் போனாள்.
கிருமிக்கு ஏழாம் பத்தி வேண்டியதில்லை.
வேண்டியவர்கள் யாரென்று
அவள் ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

செப்டம்பரில் கடிதம் வந்தது.
பத்துப் பத்தியில் ஒன்பதே நிரம்பியிருக்கிறது,
தரவின் தரம் தொண்ணூறு சதவீதம்,
உடனே கவனிக்கவும்.
கவனித்தேன். மடித்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தேன்.

இன்று செங்கோடன் வந்தார்.
கடைசி மாத்திரை. தலையில் புதுச் சாயம்,
காதோரம் வழிந்த கறுப்பு இன்னும் காயவில்லை.
கோவா, ஊவா என்று கேட்டேன்.
பழக்க தோஷத்தில் ஒருமுறை இருமிவிட்டு
"இன்னிக்குக் கோ" என்றார்.
குணமானார் என்று தட்டப் போகையில்
திரை அணைந்துவிட்டது.
மழை. மின்சாரம் நாளைக்குத்தான்.
இழுப்பறையில் பென்சில் தேடிக்கொண்டிருக்கிறேன்,
அவர் காத்திருக்கிறார்.