இடப்பக்கம்

வாலின் இரட்டை வரிசை ஒற்றையாகச் சேரும்
இடத்திலிருந்து எண்ண வேண்டும்.
நான்காவது முள்தட்டு பாதி, ஒன்பதாவது இல்லை:
இது மூன்றாம் எண்.
படகோட்டும் முப்பிடாதிக்கு எண்ணெல்லாம் வேண்டாம்.
"மூளி கெடக்கு, எக்கா" என்பார்,
துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டு.

மணிமுத்தாறு அணையில் பங்குனி முழுக்க
வெயில் காய்பவர்களைப் படமெடுத்தோம்.
நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவில்
முப்பது முதலை என்று இருந்தது.
ஆடு பறிகொடுத்த சுடலைக்கண்ணு
"முப்பதா? அம்பது கெடக்கும்வே" என்றார்.
ரேஞ்சருக்கும் முப்பது பிடித்திருந்தது.
வேலிக்குப் பணம் கேட்கத் தோதான எண்.

குவார்ட்டர்சில் கரண்ட் நின்ற ராத்திரியெல்லாம்
லேப்டாப் சூட்டில் படத்தோடு படம் வைத்துப் பார்த்தேன்.
திட்டில் வாய்பிளந்து கிடந்ததும்
மதகுப் பக்கம் முங்கிப் போனதும்
சுடலைக்கண்ணு போனில் பிடித்த ஆடுதின்னியும்
ஒரே விலா. விலாவில் மூன்று கரும்புள்ளி,
அடுப்புக்கல் போட்டதுபோல.
இருபது என்று நினைத்தது பதினொன்றாகி
ஒரு விடியக்கருக்கலில்
ஏழில் வந்து நின்றது.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் எனக்கு இரண்டு அடையாளம்.
இடது புருவத்துக்கு மேல் மச்சம்,
வலது முழங்கையில் தழும்பு.
நான் சொல்லச் சொல்ல
ஹெட்மாஸ்டர் நிமிராமல் எழுதிக்கொண்டது.
மேலப்பாளையத்தில் உம்மாவுக்கு
பீடி சுருட்டிச் சுருட்டி ரேகையே போய்விட்டது.
ரேஷன் கடை மெஷினில் பெருவிரலை வைப்பாள்,
முந்தானையில் துடைப்பாள், வைப்பாள்.
பொருந்தவில்லை என்கும் அது,
இருபத்திரண்டு வருஷமாய்
அங்கேயே அரிசி வாங்குகிறவளை.

முதலைகளுக்கு அந்தக் கஷ்டமில்லை.
கடிபட்டதெல்லாம் மேலேயே இருக்கிறது.

ஏழு என்று எழுதிக் கொடுத்தேன்.
"ஏழுதான்னா எல்லா எடத்துலயும் எப்படிம்மா நிக்கும்?"
நீந்தித்தான் என்றேன்.
சிரித்தது முப்பிடாதி மட்டும்.

எழுதிக் கொடுக்காதது ஒன்று உண்டு.
ஐந்தாம் எண்ணின் வலப்பக்கம் மட்டுமே என்னிடம் இருக்கிறது,
ஏழாம் எண்ணின் இடப்பக்கம் மட்டுமே.
புள்ளிகள் இருபுறமும் ஒன்றுபோல் விழுவதில்லை.
வாலோ, எல்லாப் படத்திலும் தண்ணீருக்குள்.
இரண்டும் ஒன்றே என்றால்
ஆறு.

அதற்காகத்தான் இன்று வந்திருக்கிறோம்.
பாறையில், வலப்பக்கம் காட்டி, ஐந்து.
சந்தேகமில்லை.
முப்பிடாதி பீடியைப் பற்றவைக்காமல்
உதட்டில் வைத்திருக்கிறார்.
மலையிலிருந்து நிழல் இறங்கி
பாறையின் அந்தக் கரையைத் தொட்டுவிட்டது.
திரும்பு என்று வாய்க்குள் சொல்கிறேன்.
கண் மூடவில்லை அது.
நாங்களும் விடிந்ததிலிருந்து
படகின் ஒரே பக்கத்தைத்தான்
காட்டிக்கொண்டிருக்கிறோம்.