வீடு என்று ஒரு பொத்தான்

வண்டியில் லைட்டர் ஓட்டை ஒன்றே ஒன்று.
போன் குடித்தால் பெட்டி பட்டினி.
பெட்டி குடித்தால்
உச்சிப்புளி தாண்டுமுன் போன் கண்ணை மூடும்.
ஆகவே பாம்பனில் சாவி திருகும்போதே
முடிவாக வேண்டும்,
இன்றைக்கு யார் சொல்லி நான் போவதென்று.

பெட்டி, கேணிக்கரையில்
ஆயிரத்து நானூறுக்குக் கைமாறியது.
கண்ணாடியில் ஒட்டும் ரப்பருக்கு வயதாகிவிட்டது,
பள்ளத்தில் இறங்கினால் மடியில் விழும்.
புது பைபாஸ் ஏறினால் அதன் அம்பு
ரோட்டை விட்டிறங்கிக்
கருவேலங்காட்டுக்குள் என்னை ஓட்டும்.
முடிந்தால் திரும்பிப் போ, திரும்பிப் போ என்று
இங்கிலீஷில் கெஞ்சும்.
தேவிபட்டினத்தை அந்தப் பொம்பளை உச்சரித்தால்
கடலுக்குள் நிற்கிற ஒன்பது கல்லும்
திரும்பிப் பார்க்கும்.

போன் அப்படியில்லை.
கேட் சாத்தியிருப்பது தெரியும்,
பட்டணங்காத்தானில் லாரி குறுக்கே நிற்பது தெரியும்.
"இடதுபுறம் திரும்பவும்" என்று
கல்யாண மண்டப மைக்கின் மரியாதை.
ஆனால் திரும்பவேண்டிய இடம் பார்த்துத்தான்
பைனான்ஸ்காரன் கூப்பிடுவான்.
வரைபடத்தின் மேல் அவன் பெயர்
கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.
அப்படித்தான் ஒருநாள்
அருப்புக்கோட்டை ரோட்டில் ஆறு கிலோமீட்டர்.
பின்னால் நண்டுப் பெட்டியிலிருந்து
ஐஸ் சொட்டிக்கொண்டே வந்தது.

சித்திரையில் டேஷ்போர்டில் கொதித்து
ஆறட்டும் என்று எழுதிக்காட்டிவிட்டுச் சாகும்.
தனுஷ்கோடி முனைக்குப் போனால்
அக்கரை டவரைப் பிடித்துக்கொண்டு
நாடு மாறிவந்த எனக்கு நல்வரவு சொல்லும்.
கேஸ் போடாததுதான் பாக்கி.

பெட்டிக்கு டவர் வேண்டாம். வானம் போதும்.
மச்சான் ஜெர்சோன் படகில் வைத்திருப்பதற்கு
ஒன்றுவிட்ட தம்பி.
அதில் ரோடே கிடையாது:
பாறை, வலை கிழிந்த இடம், கணவாய் பட்ட இடம்,
தாண்டக்கூடாத கோடு.

போன ஆவணி, தொண்டியில் ஐஸ் இறக்கிவிட்டு வெறும் வண்டி.
பெட்டியைப் பழைய ஆள் துடைக்காமல் விற்றிருந்தார்.
உள்ளே மூன்று இடம்.
ஏர்போர்ட்.
டாக்டர் பாத்திமா.
வீடு.
சும்மாதான் அழுத்தினேன்.
எழுநூறு மீட்டர் என்றது.
பள்ளிவாசல் தாண்டி, உப்புக்காற்றடிக்கும் சந்து தாண்டி,
வந்து சேர்ந்தாய் என்றது.

கடைக்கால் மட்டும் எழும்பியிருந்தது.
தூணுக்கு விட்ட கம்பி துருவேறிச் சிவந்திருந்தது.
ஹால் ஆகவேண்டிய இடத்தில் ஒரு கருவேலம்,
அதில் கட்டிய ஆடு.
சைக்கிளில் வந்த பையன் காலூன்றி நின்றான்.
"சீனி கமருதீன் எடம். தம்மாம்ல இருக்காக.
வாங்கப் போறியளா?"
இல்லை என்றேன்.
பின்னே எதற்கு வந்தேன் என்று
அவன் கேட்கவில்லை. நல்ல பையன்.

அன்று ராத்திரி தெற்குவாடியில்
ஐஸ் கம்பெனி வாசலில் சீட்டைச் சாய்த்துப் படுத்தேன்.
போன் ஒளிர்ந்தது.
தினமும் இங்கேதான் உறங்குகிறீர்களாம்.
இதை வீடு என்று வைத்துக்கொள்ளலாமா?
கீழே ஆம், இல்லை.
இரண்டையும் தொடாமல்
சட்டைக்குள் போட்டேன்.
நெஞ்சில் கொஞ்ச நேரம் சூடாகக் கிடந்தது.

எது நல்லது என்று லோடு ஏற்றுகிற பசங்கள் கேட்கிறார்கள்.
என்னத்தைச் சொல்ல.
வண்டி எங்கே நிற்கிறதென்று
முதலாளி பார்ப்பது போன் வழியாக.
ஆகவே போன்தான் சார்ஜில்.
அதில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை.

பெட்டி டேஷ்போர்டு அறைக்குள்,
பெர்மிட் காகிதத்துக்கும் ஜெபமாலைக்கும் நடுவில்.
கமருதீன் வீட்டை நான் அழிக்கவில்லை.
நாலாவதாக ஒரு இடம் சேர்த்தேன், மூக்கையூரில்.
பெயர் கேட்டது.
ஜெனோவா என்று தட்டினேன்.

தூத்துக்குடிக்கு வாரம் மூன்று நடை.
சாயல்குடி முக்கில் எப்போதாவது எடுத்து
முழங்காலில் வைத்துப் பார்ப்பேன்.
சார்ஜர் இல்லாமல்
பதினைந்து நிமிடம் உயிரோடிருக்கும்.
அங்கிருந்து மூக்கையூருக்கு
பதினேழு நிமிடம் என்று காட்டுகிறது.