இரண்டு பழம், ஒரே எண்

ஒரே தாய்மரத்து மொட்டுகள்.
இரண்டையும் ஒட்டுக்கட்டியது தெல்மாரின் கத்திதான்.
ஒன்று சால்டோவிலேயே நின்றது.
மற்றது அவனோடு பெலேமுக்குப் போனது,
இரவிலும் வியர்க்கிற ஊருக்கு.

பதினோரு வருஷம் கழித்து ஒரு பெட்டி.
பழுத்தும் பச்சையாகவே இருக்கிறது அவன் ஆரஞ்சு.
தோல் நிறம் மாறக் குளிர் வேண்டும்,
அங்கே ஏது?

சர்க்கரைமானியில் ஒரு சொட்டு: பதினொன்று.
எங்கள் பழத்துக்கும் பதினொன்று.
ஒஃபேலியா கண்ணாடியைத் துடைத்து
மறுபடி பார்த்தாள். பதினொன்றுதான்.

பிறகு காரம் சொட்டவிட்டோம்.
அவனுடைய சாறு ஆறாம் துளியிலேயே சிவந்துவிட்டது.
எங்களுடையது இருபதைத் தாண்டியும் மசியவில்லை.

இங்கே ஜூலை இரவு விரல் விறைக்கும்.
பழமும் சுருண்டு படுத்துக்கொள்ளும்,
புளிப்பு செலவாகாது.
அங்கே அது தூங்குவதேயில்லை;
விடிய விடிய மூச்சு வாங்கி
தன் புளிப்பைத் தானே எரித்துத் தீர்க்கிறது.

'சப்பென்று இருக்கிறது' என்று எழுதப்
பேனாவை எடுத்தேன்.
எங்கள் பழத்தில் கூசிப்போன பல்லுக்கு
அவன் சுளை ஒன்று இதமாகத்தான் இருந்தது.
இன்னொன்று.
ஒஃபேலியாவும் கை நீட்டினாள்.

அறிக்கைக்கு மிச்சமில்லை.
தெல்மாருக்கு எழுத வேண்டும்:
இன்னொரு பெட்டி அனுப்பு,
காரணம் கேட்காதே.